கலபார் அவரையிலிருந்து ஓர் ஊசி: மயஸ்தீனியா கிராவிஸ் நோயாளி ஒருவருக்கு பிசோஸ்டிக்மின் கொடுத்த நிகழ்வு ஆய்வு (கிரீனிச், 1934)

ஏன் இந்த நிகழ்வு

நரம்பு மண்டலத்தைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்களுக்கு (உடலின் எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்கும் நோய்கள்) தாவரச் சேர்மங்கள் மருந்தாகுமா என்ற கேள்வி இன்று மஞ்சளின் குர்குமின், பச்சைத் தேயிலைச் சாறு என்று பல பெயர்களில் வலம் வருகிறது. எலியில் கிடைத்த பலன் மனிதரிடம் கிடைக்காமல் போவதே வழக்கம். ஆனால் கலபார் அவரையின் பிசோஸ்டிக்மின் என்ற தாவரச் சேர்மம், தன்னெதிர்ப்பால் வரும் மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நரம்பு-தசை நோயில், ஒரு மணி நேரத்துக்குள் கண்ணெதிரே வேலை செய்த நிகழ்வு ஒன்று உண்டு. அந்தச் சேர்மம் எங்கே வேலை செய்தது, எதைத் தொடவே இல்லை என்பதெல்லாம் இன்று தெளிவாகத் தெரியும். அதனால்தான் 90 ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வை இங்கே முழுமையாகப் பதிவு செய்கிறோம்.

நோயாளி 56 வயதுப் பெண். லண்டனின் கிரீனிச் பகுதியில், ஏழைகளுக்கான சட்டத்தின் கீழ் தொடங்கப்பட்ட செயின்ட் ஆல்ஃபிஜஸ் மருத்துவமனையில் சேர்ந்திருந்தார். அவரைக் கவனித்தவர் அங்கே உதவி மருத்துவராக இருந்த டாக்டர் மேரி வாக்கர். நடந்ததை அவர் ஒரு சிறு கடிதமாக எழுத, லான்செட் என்ற மருத்துவ இதழ் அதை 1934 ஜூன் 2 அன்று வெளியிட்டது.

பின்னணி: பெயர் இருந்தது, மருந்து இல்லை

மயஸ்தீனியா கிராவிஸ் என்பது பயன்படுத்தப் பயன்படுத்தத் தசை தளர்ந்துபோகும் நோய். காலையில் திறந்திருக்கும் இமை மாலையில் தொங்கும். முதல் கவளம் இறங்கும், பத்தாவது கவளம் தொண்டையில் நிற்கும். ஓய்வெடுத்தால் கொஞ்சம் மீளும். தொடுவுணர்வு கெடாது, அறிவும் தெளிவாகவே இருக்கும். மூச்சுத் தசையும் விழுங்கும் தசையும் சோரும்போதுதான் உயிருக்கு ஆபத்து. செயற்கைச் சுவாசக் கருவிகள் பரவாத அந்தக் காலத்தில் நோயாளிகள் மூச்சுத் திணறியோ, உணவு புரையேறி நிமோனியா வந்தோ இறந்தார்கள்.

1895இல் பெர்லினில் ஃப்ரீட்ரிக் யோலி இந்த நோய்க்குப் பெயர் வைத்தார். தசையை மின்சாரத்தால் திரும்பத் திரும்பத் தூண்டினால் அதன் சுருக்கம் படிப்படியாகக் குறைவதையும் காட்டினார். பிசோஸ்டிக்மின் உதவக்கூடும் என்று அப்போதே குறிப்பிட்டவரும் அவர்தான். ஆனால் யாரும் கொடுத்துப் பார்க்கவில்லை. 1930இல் அமெரிக்காவில் ஹாரியட் எட்ஜ்வொர்த் வேறு காரணத்துக்காக எஃபிட்ரின் சாப்பிட்டபோது தன் தசைத் தளர்ச்சி குறைவதைக் கவனித்துப் பதிவு செய்தார். அவருக்கே இந்த நோய் இருந்தது. எஃபிட்ரினும் ஒரு செடியிலிருந்து வந்த ஆல்கலாய்டுதான் (நைட்ரஜன் அடங்கிய தாவரச் சேர்மம்). பலன் மிதமானது, எல்லாருக்கும் கிடைக்கவும் இல்லை. 1932இல் ஜெர்மனியின் மியூன்ஸ்டரில் லாசர் ரேமென் ஒரு நோயாளிக்கு, பிசோஸ்டிக்மினை மாதிரியாக வைத்துச் செய்த பிராஸ்டிக்மின் என்ற செயற்கை மருந்தைக் கொடுத்து முன்னேற்றம் கண்டார். ஆனால் அவருடைய கட்டுரையின் கவனம் கிளைசின் என்ற அமினோ அமிலத்தில் இருந்ததால் அந்தக் கண்டுபிடிப்பு உள்ளேயே புதைந்துவிட்டது. பலனைக் கண்டால் மட்டும் போதாது, அது ஏன் வந்தது என்ற கேள்வியோடு பார்க்கவும் வேண்டும். வாக்கர் செய்தது அதைத்தான்.

எண்ணம் உருவான வழி

மருத்துவமனைக்கு ஆலோசனை சொல்ல வந்த நரம்பியல் நிபுணர் டெரெக் டென்னி-பிரவுன், இந்த நோய் குராரே நஞ்சின் விளைவைப் போலவே இருக்கிறது என்று பேச்சினிடையே சொன்னார். குராரே தென்னமெரிக்கக் காட்டுக் கொடிகளிலிருந்து எடுக்கப்படும் அம்பு நஞ்சு. அது நரம்பையும் கெடுப்பதில்லை, தசையையும் கெடுப்பதில்லை, இரண்டும் சந்திக்கும் இடத்தில் மட்டுமே தடை போடுகிறது என்பதை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் க்ளோட் பெர்னார்ட் தவளைகளை வைத்து நிறுவியிருந்தார்.

வாக்கர் அடுத்துக் கேட்டது எளிய கேள்வி: குராரேக்கு முறிவு எது? விடை பாடநூல்களில் இருந்தது. குராரே கொடுத்துத் தளர்ந்த விலங்குகளில் பிசோஸ்டிக்மின் தசை இயக்கத்தை மீட்கிறது என்று வியன்னாவில் யாக்கோப் பால் 1900இல் காட்டியிருந்தார். நோயாளியின் உடலில் குராரே போன்ற ஏதோ ஓர் இனம் தெரியாத பொருள் நரம்பு-தசைச் சந்தியில் வேலை செய்கிறது என்று வைத்துக்கொண்டால், முறிமருந்தும் அங்கே வேலை செய்ய வேண்டும். அவர் சோதித்த கருதுகோள் இதுவே. ‘இந்த மூலிகை நல்லது’ என்ற பொது நம்பிக்கையிலிருந்து இந்த ஊசி போடப்படவில்லை. இந்த இடத்தில், இந்தத் தடைக்கு எதிராக, இந்தப் பொருள் என்று குறிவைத்துப் போடப்பட்டது.

மருந்து வந்த விதை

பிசோஸ்டிக்மின் கிடைப்பது கலபார் அவரையில். மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய நைஜீரியாவின் கலபார் பகுதியில், ஆற்றோரம் படரும் கொடியின் கரும்பழுப்பு விதை இது. எஃபிக் மக்கள் இதை ‘எசெரே’ என்றார்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கு விதையை அரைத்து நீரில் கலக்கிக் கொடுப்பார்கள். வாந்தி எடுத்துப் பிழைத்தால் நிரபராதி, இறந்தால் குற்றவாளி. இந்த வழக்கத்தை 1846இல் வில்லியம் டேனியல் ஐரோப்பாவுக்குத் தெரிவித்தார். 1855இல் எடின்பரோவில் ராபர்ட் கிறிஸ்டிசன் விதையின் ஒரு சிறு பகுதியைத் தானே தின்று பார்த்து ஏறக்குறைய உயிரையே விடப் பார்த்தார். அதே ஊரில் தாமஸ் ஃப்ரேசர் விதைச் சாறு கண்மணியைச் சுருக்குவதைக் கண்டார். கண்மணியை விரிக்கும் அட்ரோபினும் இதுவும் ஒன்றையொன்று முறிக்கும் என்பதை அளவு வாரியாக ஆராய்ந்தவரும் அவரே. 1864இல் யோப்ஸ்டும் ஹெஸ்ஸேயும் தூய ஆல்கலாய்டைப் பிரித்தெடுத்தார்கள். 1870களின் பிற்பகுதியிலிருந்து கண் அழுத்த நோய்க்கு அது சொட்டு மருந்தாகியது.

இந்த வரலாற்றை விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1934இல் வாக்கர் அலமாரியிலிருந்து எடுத்தது ஒரு விதையை அன்று. எடை போட்ட, தூய்மை தெரிந்த, நச்சு அளவு தெரிந்த, முறிமருந்தும் தெரிந்த ஓர் உப்பை: பிசோஸ்டிக்மின் சாலிசிலேட். விதைக்கு விதை ஆல்கலாய்டின் அளவு மாறும். உதவும் அளவுக்கும் மூச்சை நிறுத்தும் அளவுக்கும் இடைவெளி குறுகலான ஒரு பொருளில் அந்த வேறுபாடு உயிரைப் பறிக்கும். அரைத்த விதையைக் கொடுத்திருந்தால் இந்த நிகழ்வு ஒரு மரண அறிக்கையாக முடிந்திருக்கலாம்.

செய்ததும் கண்டதும்

அளவு 1/60 முதல் 1/45 கிரெய்ன் வரை, தோலடி ஊசியாக. ஒரு கிரெய்ன் ஏறத்தாழ 65 மில்லிகிராம் என்பதால் இது சுமார் 1.1 முதல் 1.4 மில்லிகிராம்.

மருந்தின் தன்மை பற்றி ஒரு நடைமுறைக் குறிப்பு. பிசோஸ்டிக்மின் கரைசல் காற்றும் ஒளியும் பட்டால் ஆக்சிஜனேற்றம் அடைந்து இளஞ்சிவப்பாகி, பிறகு சிவக்கும். நிறம் மாறிய கரைசலில் மருந்தின் வலிமை குறைந்திருக்கும். அப்படிப்பட்டதைப் போட்டுவிட்டு ‘பலனில்லை’ என்று எழுதினால் மருந்தின் மேல் வீண்பழி சேரும். தாவர ஆல்கலாய்டுகளைச் சோதிக்கும் எவரும் முதலில் பார்க்க வேண்டியது புட்டியின் நிறத்தையும் தயாரித்த தேதியையும்தான்.

ஊசி போட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் நோயாளியின் இடது இமை மேலே ஏறியது. கைகளின் அசைவு வலுத்தது. தொங்கிய தாடை கொஞ்சம் நிமிர்ந்தது. விழுங்குவது எளிதானது. உடம்பின் பாரம் குறைந்தது போலிருக்கிறது என்று அவரே சொன்னார். சில மணி நேரத்தில் பலன் மெல்லத் தேய்ந்து பழைய நிலை திரும்பியது. மறுபடி போட்டபோது மறுபடி வந்தது.

வந்து, போய், திரும்பப் போட்டால் திரும்ப வந்த இந்த ஒழுங்குதான் ஒரே நோயாளியை வைத்து எழுதிய கடிதத்துக்கு எடை கொடுத்தது. மயஸ்தீனியா தானாகவே ஏறி இறங்கும் நோய். பல வாரங்களில் வந்த முன்னேற்றத்தை எந்த மருந்தின் கணக்கிலும் எழுதிவிடலாம். ஒரு மணி நேரத்தில் ஏறி, மருந்து உடலில் தீர்ந்ததும் இறங்கும் இமையை அப்படி வேறு காரணத்தில் சேர்க்க முடியாது. பார்த்த குறிகளும் யாரும் அளக்கக்கூடியவை: இமை, தாடை, கை, விழுங்குதல். ‘பொதுவாக நலம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் எவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தன் முடிவையும் அவர் அளந்தே எழுதினார். பலன் தற்காலிகமானதுதான் என்றாலும் விழுங்கலை மேம்படுத்துவதால் முக்கியமானது. மூச்சு நெருக்கடியில் நோயாளியைக் கரை சேர்க்க உதவலாம். கோளாறு தசையில் இல்லை, நரம்பு முனையும் தசையும் சேரும் இடத்தில் இருக்கிறது என்ற கருத்துக்கும் இது வலுச் சேர்க்கிறது. நரம்பு முனைகள் வெளியிடும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சிதைக்கும் நொதியை பிசோஸ்டிக்மின் தடுப்பது இதில் பொருட்படுத்தத்தக்கதாக இருக்கலாம் என்றும் சேர்த்தார். அந்த நொதித் தடையை 1926இல் ஆட்டோ லோவியும் நவ்ராட்டிலும் தவளை இதயத்தில் காட்டியிருந்தார்கள். இயங்கு தசைகளுக்கும் நரம்புச் செய்தியைக் கொண்டுசெல்வது அசிட்டைல்கோலினே என்று ஹென்றி டேல் குழுவினர் கட்டுரையாக வெளியிட்டது 1936இல்தான். வார்டில் கண்ட பலன், ஆய்வகத்தின் முழு நிரூபணத்துக்கு இரண்டு ஆண்டு முந்திவிட்டது.

அடுத்த முடிவு: இயற்கை மூலக்கூறை விட்டு விலகல்

பிசோஸ்டிக்மினில் இரண்டு குறைகள். ஒன்று, அதற்கு நிரந்தர மின்னூட்டம் இல்லாததால் இரத்த-மூளைத் தடையைக் கடந்து மூளைக்குள் போய்விடும். குழப்பம், அமைதியின்மை, வலிப்பு வரை அங்கே விளைவுகள் வரலாம். இரண்டு, தசையோடு நிற்காமல் குடல், சுரப்பிகள், இதயம், மூச்சுக்குழாய் என்று அசிட்டைல்கோலின் வேலை செய்யும் எல்லா இடத்திலும் அதைக் கூட்டும். எச்சில் வடிதல், வியர்வை, வயிற்று முறுக்கு, வாந்தி, பேதி, மெதுவான நாடி எல்லாம் அதன் விளைவு.

பிசோஸ்டிக்மினின் கட்டமைப்பை மாதிரியாக வைத்து 1931இல் ஈஷ்லிமான், ரைனெர்ட் இருவரும் பிராஸ்டிக்மின் என்ற செயற்கைச் சேர்மத்தை உருவாக்கியிருந்தார்கள். இன்று நியோஸ்டிக்மின் என்று அறியப்படுவது இதுதான். விதையின் மூலக்கூறில் நொதியைப் பிடிக்கும் கார்பமேட் பகுதியை வைத்துக்கொண்டு, எப்போதும் நேர்மின்னூட்டம் உள்ள நைட்ரஜன் சேர்க்கப்பட்டது. அதனால் மருந்து மூளைக்குள் எளிதில் நுழையாது. இரண்டாவது குறை இதனால் தீரவில்லை. அதற்கு அட்ரோபினைச் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. பெலடோனா செடியிலிருந்து வந்த அட்ரோபின் குடல், சுரப்பி, இதய விளைவுகளைத் தடுக்கும், தசைச் சந்தியை விட்டுவிடும்.

வாக்கர் இந்த மருந்துக்கு மாறினார். 1935 பிப்ரவரியில் லண்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசின் கூட்டத்தில் வேறொரு பெண் நோயாளியிடம் பிராஸ்டிக்மினின் பலனைக் காட்டினார். அதே ஆண்டு எடின்பரோ பல்கலைக்கழகம் அவருடைய எம்.டி. ஆய்வேட்டுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. ஏழைகள் மருத்துவமனை ஒன்றில், ஆய்வகம் இல்லாமல், அன்றாட வேலைக்கு நடுவே இதைச் செய்த ஒருவருக்குப் பெரிய ஆய்வு நிறுவனம் எதுவும் பதவி தரவில்லை என்பது வருத்தமான உண்மை.

பின்னர் வந்த பிரிடோஸ்டிக்மின் இன்னும் மென்மையானது, கூடுதல் நேரம் நிற்பது. இன்று நோயாளிகள் வாயால் சாப்பிடும் 60 மில்லிகிராம் மாத்திரை அதுதான். அரை மணி முதல் முக்கால் மணியில் பலன் தொடங்கி மூன்று, நான்கு மணி நேரம் நிற்கும். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் எடுத்துக்கொள்வது அந்தக் கணக்கில்தான்.

எங்கே தவறும்

இந்த மருந்துக் குடும்பத்தின் மிகப் பெரிய பொறி, கூடுதல் அளவு நோயைப் போலவே நடிப்பது. அசிட்டைல்கோலின் அளவு மீறிச் சேர்ந்தால் தசை துடித்து, பிறகு செயலற்றுத் தளரும். நோயாளி பலவீனம் கூடிவிட்டதாக நினைத்து இன்னொரு மாத்திரை போடுவார், பலவீனம் இன்னும் கூடும். எச்சில் பெருக்கு, கண்ணீர், வயிற்றுப்போக்கு, சுருங்கிய கண்மணி, தசைத் துடிப்பு சேர்ந்து வந்தால் மருந்து மிகுதியைச் சந்தேகிக்க வேண்டும். அட்ரோபின் அங்கே ஈரத்தைக் காயவைக்கும், தசைத் தளர்ச்சியைத் தீர்க்காது. மூச்சுத் தசை சோர்ந்தால் மருந்தை நிறுத்திச் சுவாசக் கருவியில் வைப்பதே வழி.

மருந்து தொடாத இடம்

1938இல் வாக்கர் இன்னொன்றைக் கவனித்தார். முன்கைத் தசைகளைக் களைக்கும்வரை வேலை செய்ய வைத்தபோது ஒரு நோயாளியின் கண் தசைகளும் தளர்ந்தன. இரத்தத்தில் ஏதோ ஒன்று சுற்றி வருகிறது என்ற எண்ணத்துக்கு இது இடம் கொடுத்தது. அந்தச் சோதனைக்கு அவர் தந்த விளக்கம் பின்னாளில் நிலைக்கவில்லை. சுற்றிவரும் பொருள் என்ற எண்ணம் மட்டும் நிலைத்தது.

1960இல் ஜான் சிம்ப்சன் இது தன்னெதிர்ப்பு நோயாக இருக்க வேண்டும் என்று முன்வைத்தார். 1973இல் ஜிம் பேட்ரிக்கும் ஜான் லிண்ட்ஸ்ட்ராமும் மின் விலாங்கிலிருந்து எடுத்த அசிட்டைல்கோலின் ஏற்பியை (அசிட்டைல்கோலின் வந்து பொருந்தும் புரதத்தை) முயல்களுக்குச் செலுத்தினார்கள். முயல்கள் அதற்கு எதிர்ப்பொருள் (எதிர்ப்பாற்றல் உருவாக்கும் தாக்கும் புரதம்) உண்டாக்கி, மயஸ்தீனியா நோயாளிகளைப் போலவே தளர்ந்தன. அதே ஆண்டு மனித நோயாளிகளின் தசைச் சந்தியில் ஏற்பிகள் குறைந்திருப்பதும் தெரியவந்தது. 1975இல் நோயாளிகளின் எதிர்ப்பொருளை எலிக்கு ஏற்றி நோயையே இடம் மாற்றிக் காட்டினார்கள். 1934 கடிதம் பேசிய ‘குராரே போன்ற இனம் தெரியாத பொருள்’, நோயாளியின் சொந்த எதிர்ப்பாற்றல் செய்த எதிர்ப்பொருள்தான்; குராரே உட்காரும் அதே ஏற்பியில் அதுவும் போய் உட்காருகிறது.

ஆகவே பிசோஸ்டிக்மின் செய்தது இவ்வளவே: மிச்சமிருந்த ஏற்பிகளுக்கு அசிட்டைல்கோலின் கூடுதல் நேரம் கிடைக்க வைத்தது. எதிர்ப்பொருள் உற்பத்தியை அது குறைக்கவில்லை, ஏற்பிகள் அழிவதை நிறுத்தவில்லை. அறிகுறியைக் குறைப்பது வேறு, நோயின் போக்கை மாற்றுவது வேறு. இரண்டாவதைச் செய்பவை, நெஞ்சுக்குள் உள்ள எதிர்ப்பாற்றல் உறுப்பான தைமஸ் சுரப்பியை அகற்றும் அறுவை, எதிர்ப்பாற்றலை அடக்கும் ஸ்டீராய்டு, அசதயோப்ரின், நெருக்கடியில் இரத்த நீர்மமான பிளாஸ்மாவை மாற்றுவதும் இம்யுனோகுளோபுலின் ஏற்றுவதும், அண்மைக் காலத்தில் வந்த குறிவைத்த எதிர்ப்பொருள் மருந்துகள்.

எதிர்ப்பாற்றலையே மாற்றும் என்று எதிர்பார்க்கப்பட்ட தாவரச் சேர்மங்கள் மனிதரிடம் எப்படி நின்றன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். பச்சைத் தேயிலையின் இஜிசிஜி என்ற சேர்மம், மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் தன்னெதிர்ப்பு நோயான மல்டிபிள் ஸ்கிலிரோசிஸுக்கு இணையாக எலியில் உண்டாக்கும் நோயைக் குறைத்தது. ஆனால் அந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் கிளாடிராமர் மருந்தோடு சேர்த்து, மனித நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 800 மில்லிகிராம் வரை, 18 மாதம் கொடுத்துப் பார்த்த ஜெர்மன் ஆய்வில் வெற்று மாத்திரையைவிட மேலான பலன் எதுவும் தென்படவில்லை. அடர்த்தியான பச்சைத் தேயிலைச் சாறு சிலருக்குக் கல்லீரலைக் கெடுக்கும் என்பதால் இப்படிப்பட்ட சோதனையில் கல்லீரல் நொதிகளைத் தொடர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்று அதே நோயாளி வந்தால்

முதலில் மூச்சு. ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது, வலுக்கட்டாயமாக ஊதி வெளியேற்றும் காற்றின் கொள்ளளவு எவ்வளவு என்று பார்க்கிறோம். அந்தக் கொள்ளளவு உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லி அளவுக்கு இறங்கினால் தீவிர சிகிச்சைப் பிரிவு. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவது கடைசியில்தான், விரலில் மாட்டும் கருவி நல்ல எண் காட்டுகிறது என்று காத்திருக்கக் கூடாது.

தொங்கும் இமைக்கு முதல் சோதனை ஊசிகூட இல்லை. உறையில் சுற்றிய பனிக்கட்டியை மூடிய இமை மேல் இரண்டு நிமிடம் வைத்து, இமை ஏறுகிறதா என்று அளப்பது. குளிரில் நொதியின் வேகம் குறைவதால் பிசோஸ்டிக்மின் செய்த வேலையின் ஒரு துளியைப் பனிக்கட்டியும் செய்கிறது. நியோஸ்டிக்மின் சோதனை செய்தால் பெரியவருக்கு வழக்கமான அளவு 1.5 மில்லிகிராம், தசை ஊசியாக. அதற்கு முன் அட்ரோபின், பக்கத்தில் இதயத் துடிப்புக் காட்டும் கருவி. ஆஸ்துமாவோ இதயத் துடிப்புத் தடையோ இருப்பவருக்கு இந்தச் சோதனை வேண்டாம்.

பிறகு எதிர்ப்பொருள் பரிசோதனை. ஏற்பிக்கு எதிரான எதிர்ப்பொருள் இல்லாத நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு ‘மஸ்க்’ என்ற வேறொரு புரதத்துக்கு எதிரானது இருக்கும். அது 2001இல் தெரியவந்தது. அவர்களுக்கு பிரிடோஸ்டிக்மின் பெரும்பாலும் உதவாது, சிலருக்குத் துடிப்பையும் தளர்ச்சியையும் கூட்டும். 1934இன் நோயாளி அந்த வகையாக இருந்திருந்தால் இமை ஏறியிருக்காமல் போயிருக்கலாம். சரியான கருதுகோளும் அன்றே கைவிடப்பட்டிருக்கும். மயஸ்தீனியா நோயாளிகளில் பத்துப் பதினைந்து சதவீதம் பேருக்குத் தைமஸில் கட்டி இருப்பதால் நெஞ்சு ஸ்கேனும் கட்டாயம்.

கடைசியாக, நோயாளி வேறு என்னென்ன சாப்பிடுகிறார் என்ற கேள்வி. மருந்துக் கடைச் சீட்டோடு நிறுத்தாமல் கஷாயம், சூரணம், சத்து மாத்திரை எல்லாவற்றையும் கேட்டு எழுத வேண்டும். சின்கோனா மரப்பட்டையின் கொய்னா (குவினைன்), தாவர ஆல்கலாய்டாக இருந்தும் இந்த நோயில் பிசோஸ்டிக்மினுக்கு நேர் எதிரானது. நரம்பு-தசைச் சந்தியின் கடத்தலை அது குறைக்கும். ஒரு காலத்தில் மறைந்திருக்கும் மயஸ்தீனியாவை வெளிக்கொணரும் சோதனைக்கே அதைக் கொடுத்தார்கள். கெண்டைக்கால் பிடிப்புக்கு என்று வாங்கிய ஒரு கொய்னா மாத்திரை, நன்றாக இருந்த நோயாளியை மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரலாம்.